ஈமானை (இறைநம்பிக்கையை) விட்டுப் போனவருக்குத் தவ்பா (பாவத்திலிருந்து மீளுதல்) உண்டா?

கேள்வியின் சுருக்கம்: கேட்பவர் கடற்கரை ஊர் ஒன்றில் ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்ட மரபை) பின்பற்றும் குடும்பத்தில் பிறந்தவர். நிகாஹ் நடந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. மனைவி ராவுத்தர் வீட்டுப் பெண், ஹனஃபி மத்ஹபு. எட்டு ஆண்டுகளுக்கு முன் “இறைவன் இல்லை” என்ற முடிவுக்கு வந்து, தொழுகையையும் நோன்பையும் விட்டிருக்கிறார். நண்பர்களிடம் அதை வாதாடியிருக்கிறார், மார்க்கத்தைக் கேலி செய்து ஃபேஸ்புக்கிலும் எழுதியிருக்கிறார். அதைப் படித்துச் சித்தப்பா மகனும் தொழுகையை விட்டுவிட்டாராம். இப்போது திரும்பி வர விரும்புகிறார். ஆனால் குர்ஆனின் ஆலு இம்ரான் 90ஆம் வசனமும் அன்னிஸா 137ஆம் வசனமும் தன்னைப் பற்றியே பேசுவதாக அஞ்சுகிறார். ஜமாஅத் முன்னால் கலிமா (இஸ்லாத்தின் உறுதிமொழி) சொல்ல வேண்டுமா, விட்ட தொழுகைகள் என்னாவது, நிகாஹ் நிற்கிறதா, சந்தேகங்கள் மறுபடி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, உண்டு. மூச்சு தொண்டைக்குழியில் இழுக்கும் நேரம் வரும்வரை அடியானின் தவ்பாவை அல்லாஹ் ஏற்கிறான் என்ற நபிமொழி திர்மிதி தொகுப்பில் இருக்கிறது. இதில் நான்கு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நீங்கள் ஏன் போனீர்கள், ஏன் திரும்பி வர நினைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்: திரும்பி வருவது வேறு, பாக்கிகளைத் தீர்ப்பது வேறு. முதலாவது ஒரு நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பாக்கியின் அளவைப் பார்த்துப் பயந்து வாசலிலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் வசனங்கள். ஈமான் கொண்டபின் நிராகரித்து, பிறகு நிராகரிப்பிலேயே அதிகமாகிப் போனவர்களின் தவ்பா ஏற்கப்படாது என்பது ஆலு இம்ரான் 90இன் கருத்து. தனியாக எடுத்துப் படித்தால் யாருக்கும் நடுங்கத்தான் செய்யும். தயவுசெய்து முன்னும் பின்னும் ஒரு வசனம் சேர்த்துப் படியுங்கள். 89ஆம் வசனம், “அதன் பிறகு தவ்பா செய்து தம்மைச் சீர்திருத்திக்கொண்டவர்களைத் தவிர, அல்லாஹ் மன்னிப்பவன், கருணையாளன்” என்கிறது. 91ஆம் வசனம், நிராகரித்து, அந்த நிலையிலேயே இறந்துபோனவர்களைப் பற்றிப் பேசுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் 90. ஆகவே முஃபஸ்ஸிர்களில் (குர்ஆன் விளக்கவுரையாளர்களில்) பலர் அதற்குச் சொல்லும் விளக்கம் இது: மௌத் (மரணம்) வரை நிராகரிப்பில் பிடிவாதமாக இருந்துவிட்டு, சகராத் (உயிர் பிரியும்) நேரத்தில் மட்டும் வாயைத் திறப்பவரின் தவ்பா அது. அன்னிஸா 18ஆம் வசனமும் அதையே சொல்கிறது.

அந்த 86 முதல் 89 வரையான வசனங்கள் இறங்கிய சந்தர்ப்பத்தை இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக நபிமொழித் தொகுப்பாளர் நஸாயீ பதிவு செய்திருக்கிறார். அன்சாரிகளில் ஒருவர் இஸ்லாத்தை ஏற்று, பிறகு விட்டுவிட்டு இணைவைப்போருடன் போய்ச் சேர்ந்துகொண்டார். பின்னர் வருந்தினார். தம் கூட்டத்தாருக்கு ஆள் அனுப்பி, “எனக்குத் தவ்பா உண்டா என்று அல்லாஹ்வின் தூதரிடம் கேளுங்கள்” என்றார். அவர்கள் போய்க் கேட்டார்கள். வசனங்கள் இறங்கின, அவருக்குச் செய்தி போயிற்று, அவர் திரும்பி வந்தார். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைச் சொல் மாறாமல் ஒருவர் முன்பே கேட்டுவிட்டார், அதற்குப் பதிலும் வந்துவிட்டது.

அன்னிஸா 137 இன்னும் எளிது. ஈமான் கொண்டு, நிராகரித்து, மறுபடி ஈமான் கொண்டு, மறுபடி நிராகரித்து, அதிலேயே மூழ்கிப் போனவர்களைப் பற்றியது அது. அந்த வரிசை எதில் முடிகிறது என்று பாருங்கள். நிராகரிப்பில் முடிகிறது. உங்களுடையது அப்படி முடியவில்லை. எட்டு வசனம் தள்ளி நரகத்தின் அடித்தட்டில் கிடக்கும் முனாஃபிக்குகளைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த வசனத்திலேயே “தவ்பா செய்தவர்களைத் தவிர” என்று வருகிறது. நயவஞ்சகருக்கே திறந்திருக்கும் கதவு உங்களுக்கு மட்டும் சாத்தப்பட்டிருக்கிறது என்று எந்த ஆலிமாவது உங்களிடம் சொன்னாரா? நீங்களேதான் சாத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

ஹிஷாம் இப்னு ஆஸ் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மிம்பரில் (பள்ளிவாசல் பிரசங்க மேடையில்) இதை அதிகம் கேட்க முடிவதில்லை. மதீனாவுக்கு ஹிஜ்ரத் (புலம்பெயர்ந்து) போகும் நேரம். உமர் (ரலி), அய்யாஷ் இப்னு அபீ ரபீஆ, ஹிஷாம் ஆகிய மூவரும் மக்காவுக்கு வெளியே ஓரிடத்தில் சந்தித்துச் சேர்ந்து போவதென்று பேச்சு. விடிவதற்குள் யார் வந்து சேரவில்லையோ அவர் பிடிபட்டுவிட்டார் என்று பொருள், மற்றவர்கள் நிற்காமல் போய்விட வேண்டும். ஹிஷாம் வரவில்லை. குறைஷிகள் பிடித்து அடைத்துவைத்தார்கள், சோதித்தார்கள், அவரும் சறுக்கினார். அய்யாஷ் மதீனா வரை போய்விட்டார். ஆனால் அபூஜஹ்ல் பின்னாலேயே வந்து, “உன்னைப் பார்க்கும்வரை தலைவாருவதில்லை, நிழலில் ஒதுங்குவதில்லை என்று உன் தாய் சத்தியம் செய்துவிட்டாள்” என்று சொல்லி அழைத்துப்போய், வழியில் கட்டிப்போட்டு மக்காவுக்குக் கொண்டுபோனான். மதீனாவில் இருந்தவர்கள், “அல்லாஹ்வை அறிந்தபின் ஒரு சோதனைக்காக அவனை விட்டுத் திரும்பியவர்களின் தவ்பாவை அவன் ஏற்கமாட்டான்” என்று பேசிக்கொண்டார்கள். சறுக்கியவர்களும் தங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போது இறங்கியது அஸ்ஸுமர் 53 என்று உமர் (ரலி) சொன்னதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். தமக்குத் தாமே வரம்பு மீறிக்கொண்ட அடியார்களை “என் அடியார்களே” என்று அழைத்து, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், அவன் பாவங்கள் அனைத்தையும் மன்னிக்கிறான் என்று சொல்லும் வசனம். உமர் (ரலி) அதைத் தம் கையால் எழுதி மக்காவிலிருந்த ஹிஷாமுக்கு அனுப்பினார்கள். ஹிஷாம் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு மக்காவின் ஓரத்திலிருந்த தூ துவா பள்ளத்தாக்குக்குப் போனார். மேலே ஏறியும் கீழே இறங்கியும் திரும்பத் திரும்ப ஓதிப் பார்த்தார், விளங்கவில்லை. “யா அல்லாஹ், எனக்கு இதை விளக்கித் தா” என்று கேட்டார். இது தங்களைப் பற்றியது, தாங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதற்கான பதில் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒட்டகத்தில் ஏறி மதீனா போய்ச் சேர்ந்தார். புகாரி நபிமொழித் தொகுப்பில் இதே வசனத்துக்கு வேறு சந்தர்ப்பமும் உண்டு: கொலையும் விபச்சாரமும் மிகுதியாகச் செய்திருந்த இணைவைப்போர் வந்து பரிகாரம் கேட்டபோது இறங்கியதாக. ஒரே வசனத்துக்கு இரண்டு சந்தர்ப்பங்கள் சொல்லப்படுவது தஃப்சீர் (குர்ஆன் விளக்க) கலையில் புதிதல்ல.

இந்த ஹிஷாமின் அண்ணன்தான் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி). பல ஆண்டுகள் எதிர்த்துவிட்டுக் கடைசியில் பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ய வந்தவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “முன்பு செய்தவை மன்னிக்கப்பட வேண்டும், அதுதான் என் நிபந்தனை” என்றார். “இஸ்லாம் தனக்கு முன்னிருந்ததை அழித்துவிடும் என்று உனக்குத் தெரியாதா?” என்று நபி (ஸல்) கேட்டார்கள். முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் முர்தத் (இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்) பற்றிய அத்தியாயத்தில் தண்டனைச் சட்டம் இருப்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். அது அரசுக்கும் காழிக்கும் (நீதிபதிக்கும்) எழுதப்பட்டது. தனி ஆளுக்கோ மஹல்லாவுக்கோ அதில் வேலையில்லை. உங்கள் கேள்விக்கு அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே: தவ்பா செய்யும்படி அவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறார்கள். தவ்பா ஏற்கப்படாது என்றால் அவகாசம் எதற்கு?

சரி, எப்படித் திரும்புவது? பொருள் உணர்ந்து, வாயால் மொழிந்து, இரண்டு ஷஹாதாவையும் (அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, முஹம்மது (ஸல்) அவன் தூதர் என்ற இரு சாட்சியங்களையும்) சொல்லுங்கள். இறைவனை மறுத்ததோடு மறுமையை, தொழுகை கடமை என்பதை, இப்படிக் குறிப்பாக எதையாவது மறுத்திருந்தால் அந்த மறுப்பையும் கைவிட வேண்டும். குளித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ஜமாஅத் தலைவருக்கு விண்ணப்பமோ, ஜும்ஆவுக்குப் பின் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்பதோ மார்க்கம் கேட்பதல்ல. உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாலும் அந்த நொடியிலிருந்து நீங்கள் முஸ்லிம்தான். தவ்பாவின் மூன்று நிபந்தனைகளும் தெரிந்தவையே: பாவத்தை விடுவது, வருந்துவது, இனி இல்லை என்று உறுதிகொள்வது. மனிதரின் உரிமை கலந்திருந்தால் அதை மீட்டுக்கொடுப்பது நான்காவது.

அந்த நான்காவதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. அறைக்குள் செய்த பாவத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது. அல்லாஹ் மறைத்ததைத் தாமே அம்பலப்படுத்துவதை நபி (ஸல்) கண்டித்திருக்கிறார்கள். ஆனால் ஊரறிய எழுதியது அப்படியல்ல. அல்பகரா 160இல் தவ்பா செய்து, சீர்திருத்தி, தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் என்று மூன்றும் சேர்ந்து வருகின்றன. பழைய கேலிப் பதிவுகளை அழித்துவிடுங்கள். “நான் முன்பு எழுதியவற்றிலிருந்து விலகிக்கொள்கிறேன்” என்று இரண்டு வரி போடுங்கள். நீண்ட பாவமன்னிப்புக் கட்டுரை வேண்டாம். அதற்கு வரும் பாராட்டும் வசவும் உங்களுக்கு இப்போது ஆகாது. சித்தப்பா மகனிடம் மட்டும் நேரில் போய்ப் பேசுங்கள். அவர் ஏற்பதும் ஏற்காததும் உங்கள் பொறுப்பல்ல, சொல்வது பொறுப்பு.

கேலிக்கு மன்னிப்பு கிடையாது என்று யாராவது சொன்னால் அத்தவ்பா 65, 66 வசனங்களை எடுத்துப் பாருங்கள். 630ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் சிலர் கூடிக் கேலி பேசினார்கள். கேட்டதும், “விளையாட்டுக்குப் பேசினோம்” என்றார்கள். “சாக்குச் சொல்லாதீர்கள், ஈமானுக்குப் பின் நிராகரித்துவிட்டீர்கள்” என்று வசனம் இறங்கியது. இதைவிடக் கடுமையாக எப்படிச் சொல்வது? ஆனால் அதே வசனம், உங்களில் ஒரு கூட்டத்தாரை மன்னித்தாலும் என்று தொடர்கிறது. மன்னிக்கப்பட்டவர் மக்ஷீ இப்னு ஹுமய்யிர் என்றும், அவர் தவ்பா செய்து யமாமா போரில் ஷஹீதானார் என்றும் தஃப்சீர்கள் சொல்கின்றன.

விட்ட தொழுகைகளுக்கு வருவோம். இங்கே மத்ஹபுகள் பிரிகின்றன, தமிழ் முஸ்லிம்களிடம் அது ஊர்வாரியாகவே பிரிகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி. ஷாஃபி மத்ஹபில், முர்தத்தாக இருந்த காலத்துத் தொழுகையையும் நோன்பையும் திரும்பியபின் கழா செய்ய (விட்டதைப் பிறகு நிறைவேற்ற) வேண்டும். அவர் கடமையை ஒருமுறை ஒப்புக்கொண்டவர், அதை உதறியதால் அது விழுந்துவிடாது என்பது வாதம். ஹனஃபியில், அந்தக் காலத்தவை கழா இல்லை, புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவரைப் போல. ஆனால் முர்தத்தாவதற்கு முன், முஸ்லிமாக இருந்தபோது சோம்பலில் விட்டவை கழாவில் நிற்கும். ஏற்கெனவே ஹஜ் செய்திருந்தால், வசதியிருக்கும் பட்சத்தில் ஹனஃபியில் அதை மறுபடி செய்ய வேண்டும், ஷாஃபியில் வேண்டியதில்லை. மத்ஹபு பார்க்காதவர்களில் பலர் கழாவே இல்லை, தவ்பாவும் நஃபிலும் (கூடுதல் தொழுகையும்) போதும் என்பார்கள்.

நீங்கள் ஷாஃபி என்பதால் ஷாஃபிப்படியே சொல்கிறேன். எட்டு ஆண்டு என்றால் 14,600 வக்துக்குமேல் (வேளைத் தொழுகை) வரும். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு நாளின் ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மொத்தம் 17 ரக்அத். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பின்னும் அதே வக்தின் கழா ஒன்றைத் தொழுதால் ஒரு நாளில் ஒரு நாள் தீரும். அந்த நேரத்தைச் சுன்னத்துகளிலிருந்து (நபிவழிக் கூடுதல் தொழுகைகளிலிருந்து) எடுத்துக்கொள்ளுங்கள். ஃபர்ளு பாக்கி இருக்கையில் கழாவே முந்தியது. நடுவில் மௌத் வந்தால்? தீர்க்கும் நிய்யத்தோடு போனவரை அல்லாஹ் எப்படிக் கணக்குப் பார்ப்பான் என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். நோன்புகள், ஜகாத் ஆகியவற்றின் கணக்கை ஷாஃபி கிதாபு தெரிந்த ஹஜ்ரத் ஒருவரிடம் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் ஐந்து வக்தையும் அந்தந்த நேரத்தில் நிலைநிறுத்துங்கள். அது ஊன்றியபின் கழா. முதல் நாளே தஹஜ்ஜுதும் (பின்னிரவுத் தொழுகையும்) தாடியும் தஸ்பீஹுமாகத் தொடங்கி, ரமளான் முடியும்போது களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகங்கள் மறுபடி வரும். வராது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் மனதில் எழும் சந்தேகமும் மனமார மறுப்பதும் ஒன்றல்ல. வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று ஸஹாபிகள் (நபித்தோழர்கள்) முறையிட்டபோது, அந்த அச்சத்தையே “தெளிவான ஈமான்” என்றார்கள் நபி (ஸல்). பெரும் அறிஞரான இமாம் கஸ்ஸாலியே ஏறத்தாழ இரண்டு மாதம் எதையுமே உறுதியென்று நம்ப முடியாத நிலையில் இருந்ததாகத் தம்மைப் பற்றி எழுதியிருக்கிறார். வாதத்தால் வெளியே வரவில்லை, அல்லாஹ் நெஞ்சில் போட்ட ஒளியால் வந்தேன் என்கிறார். அறிவுக் கேள்வி என்றால் அறிவுள்ளவரிடம் கேளுங்கள். ஆனால் நான் பார்த்தவரை, கிதாபு படித்து ஈமானை விட்டவர்களைவிட ஆட்களைப் பார்த்து விட்டவர்களே அதிகம். மதரஸாவில் கை ஓங்கிய உஸ்தாது, தலாக் பஞ்சாயத்தில் பணக்காரர் பக்கம் சாய்ந்த ஜமாஅத், இப்படி. உங்கள் விஷயத்திலும் அப்படியொன்று இருந்தால் அதை இறைவனின் கணக்கில் எழுதாமல் அந்த ஆளின் கணக்கிலேயே எழுதுங்கள். மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

மனிதர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்பதால் வாப்பாவும் மாமனாரும் அன்றைக்கே பழையபடி ஆகிவிட மாட்டார்கள். துலைஹா என்றொருவர் இருந்தார். இஸ்லாத்தை விட்டுத் தாமும் நபி என்று வாதாடி, 632இல் புஸாகாவில் காலித் இப்னு வலீதிடம் தோற்று ஷாமுக்கு (சிரியா பகுதிக்கு) ஓடியவர். அந்தப் போர்க்காலத்தில் அவர் கையால் உக்காஷா (ரலி) கொல்லப்பட்டார்கள். கேள்வி கணக்கில்லாமல் சொர்க்கம் போவார் என்று நபி (ஸல்) சொன்ன அதே உக்காஷா. பிறகு துலைஹா தவ்பா செய்து திரும்பி வந்தார். உமர் (ரலி) அவர் இஸ்லாத்தை மறுக்கவில்லை. ஆனால் உக்காஷாவைக் கொன்ற உன்னை என்னால் நேசிக்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். பின்னர் போருக்கு அனுப்பியபோதும் அவரிடம் ஆலோசனை கேளுங்கள், தலைமை கொடுக்காதீர்கள் என்று தளபதிக்கு எழுதினார்கள். துலைஹா அதற்காகக் கோபித்துக்கொண்டு மறுபடி போய்விடவில்லை. காதிஸிய்யாவில் போரிட்டார், 642இல் நஹாவந்தில் உயிர்விட்டார். மக்கா வெற்றியின்போது அப்துல்லாஹ் இப்னு ஸஅத் இப்னு அபீ ஸர்ஹ் திரும்பி வந்த நிகழ்ச்சியிலும் இது உண்டு. வஹீ (இறைச்செய்தி) எழுதும் பணியிலிருந்து மதம் மாறிப் போனவர் அவர். உஸ்மான் (ரலி) அழைத்து வந்து நிறுத்தியபோது நபி (ஸல்) மூன்று முறை ஏற்காமல் இருந்து, பிறகே பைஅத் வாங்கினார்கள். அந்தத் தயக்கத்தை விழுங்கிவிட்டு இதைச் சொல்லும் பேச்சாளர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. தயக்கமும் இருந்தது, ஏற்பும் இருந்தது. அவரே பின்னாளில் எகிப்தின் ஆளுநராகி பைஸாந்தியக் கடற்படையை முறியடித்தார். வாப்பா முகம் கொடுக்க நாளாகலாம். நாளாகட்டும்.

நிகாஹை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன், ஏனென்றால் இதை எழுத்தில் மட்டும் முடிக்க முடியாது. ஹனஃபியில், தம்பதியரில் ஒருவர் முர்தத்தானால் அப்போதே நிகாஹ் முறிகிறது. ஷாஃபியில், இல்லறம் தொடங்கியிருந்தால் இத்தா (மணமுறிவுக்குப்பின் பெண் காத்திருக்கும் காலம்) முடியும்வரை பொறுத்துப் பார்க்கிறார்கள்: அதற்குள் திரும்பினால் பழைய நிகாஹே நிற்கும், இல்லாவிட்டால் முறிந்தது முறிந்ததுதான். எட்டு ஆண்டு என்பதால் உங்கள் இருவர் மத்ஹபிலும் முடிவு ஒன்றாகவே வரும். புதிய நிகாஹ், புதிய மஹர் (மணக்கொடை), வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள். பந்தலும் பிரியாணியும் தேவையில்லை, வீட்டுக் கூடத்தில் கால் மணி நேரத்தில் முடிகிற காரியம். அதுவரை தனித்தனியாக இருங்கள். உங்கள் மனைவி சம்மதித்தால்தான் இதெல்லாம். அவர் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள், அது அவருடைய உரிமை.

இந்திய முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் என்று 1939இல் வந்த சட்டத்தை யாராவது காட்டக்கூடும். பிரிட்டிஷ் காலப் பஞ்சாபில், கொடுமையிலிருந்து தப்ப வேறு வழியில்லாத பெண்கள் மதம் மாறி நிகாஹை முறித்துக்கொண்டதால் வந்த சட்டம் அது. மனைவி மதம் மாறினால் அதனாலேயே திருமணம் முறியாது என்கிறது அதன் நான்காவது பிரிவு. கணவனைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

ஆனால் இவ்வளவும், நீங்கள் உண்மையிலேயே முர்தத்தாகியிருந்தால்தான். சந்தேகத்தில் தவித்து, தொழுகையை விட்டு, கோபத்தில் உளறியவர் வேறு; தெரிந்து, தெளிந்து, இறைவன் இல்லை என்று முடிவுகட்டியவர் வேறு. முன்னவருக்கு நிகாஹ் முறியாது, கழா மட்டுமே. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாமவர் என்றே படுகிறது, ஆனாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் உங்களை நேரில் விசாரிக்கும் ஆலிம்தான். அவரிடம் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். எப்போது விட்டீர்கள், என்ன வார்த்தை சொன்னீர்கள், எப்போது கலிமாவைத் திரும்பச் சொன்னீர்கள், நடுவில் எப்போதாவது நம்பித் தொழுதது உண்டா என்று கேட்பார். ஞாபகம் உள்ள தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கலிமாவுக்கு மட்டும் அந்தச் சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.